மாப்பிள்ளை மேல் குறை சொல்லத் தெரியாத கர்ட்டன் அக்கா

இன்று நான் பார்த்தது கர்ட்டன் அக்காவை! ஜன்னல் அளவு கொடுக்கத்தான் கடைக்குப் போனேன். அவர் தன் தோளில் அடிபட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வயிறு வலிக்கச் சிரித்தேன், நடுவில் ஒரு இடத்தில் கண் கலங்கிவிட்டது, ஜன்னல் அளவைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அது கிடக்கட்டும். கதையைக் கேளுங்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில் இருக்கிறது அக்காவின் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டும் மேஜை, சுவரோரம் துணிச் சுருள்கள், அவ்வளவுதான் இடம். திரை தைக்க ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அக்காவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது திரையை மாட்டும் அழகு. தானே ஏணியில் ஏறுவார். வலது கையை உயர்த்தி வளையங்களைக் கம்பியில் கோப்பார், மடிப்பு மடிப்பாக நீவிவிடுவார். இறங்கி, தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஒரு மடிப்பு கோணலாக இருந்தாலும் மறுபடி ஏறுவார். கணவர் இறந்த பிறகு ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தது அந்த வலது கைதான்.

வந்து வாய்த்த மாப்பிள்ளையோ சொக்கத் தங்கம். அக்கா உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். அக்கா உட்காரும் வரை தானும் உட்கார மாட்டார். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. அவர் கார் வாங்கிய பிறகுதான் அந்த மரியாதை ஆபத்தானது.

பின் சீட்டில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது மாப்பிள்ளைக்கு ஆகாது. எது கேட்பதாக இருந்தாலும் இடுப்போடு திரும்பி, முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே கேட்பார். கார் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அக்காவால் மாப்பிள்ளையைப் பார்த்து "ரோட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட முடியுமா? கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமை அடித்துக்கொள்வார்: "என் டிரைவிங்ல உங்கம்மா குழந்தை மாதிரி தூங்கிடறாங்க!"

அன்றைக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் திரை மாட்ட வேண்டியிருந்தது. முன் சீட்டைச் சாய்த்துத் திரைக்கம்பிகளை நீட்டி வைத்திருந்ததால், அக்கா வழக்கம்போலப் பின்னால், பெல்ட் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"அத்தை, ஏசி போதுமா? கூட்டட்டுமா?" என்று மாப்பிள்ளை திரும்பினார்.

அவருடைய சிரித்த முகத்துக்குப் பின்னால் தெருவிளக்குக் கம்பம் ஒன்று பெரிதாகிக்கொண்டே வருவதை அக்கா நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்.

"போதும் மாப்பிள்ளை."

டமார்!

மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. கம்பத்துக்குக்கூட லேசான சாய்வுதான். அக்காவுக்கு வலது தோளில் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படிம்மா ஆச்சு?" என்றார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அக்கா யோசிக்கவே இல்லை.

"நாய் குறுக்க வந்துடுச்சு டாக்டர்."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை விழித்தார். "நாயா? நான் பார்க்கலியே அத்தை."

"நீங்க எங்க மாப்பிள்ளை பார்த்திருக்கப் போறீங்க?" என்றார் அக்கா. அந்த ஒரு வாக்கியம் மட்டும் சத்தியமான உண்மை.

எலும்பு ஒருவழியாகக் கூடியது. கையைக் கழுத்தோடு தாங்கியிருந்த தொட்டில் கட்டை அவிழ்த்தார்கள். ஆனால் கை நெஞ்சுக்கு மேலே ஏற மறுத்தது. பிசியோதெரபி கொடுக்கும் பெண், கையை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு நேராகவே சொல்லிவிட்டாள்.

"அக்கா, இப்பவே விடாம வந்து பயிற்சி எடுத்தா கை தலைக்கு மேல போக நல்ல வாய்ப்பு இருக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா தோள் இறுகிடும். தலை சீவறதே பெரும்பாடா போயிடும்."

வீட்டில் எல்லாருக்கும் திக்கென்றது. சிகிச்சை மாசக்கணக்கில் நடக்கும், கடையோ பூட்டிக் கிடக்கிறது. அப்போதுதான் மகளுக்குப் பொறி தட்டியது. காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே!

மறுநாளே கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான, பொறுமையான மனிதர். கடையைத் திறந்துவிட்டதும், வெட்டும் மேஜை முன்னால் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார்.

"அம்மா, உங்க மாப்பிள்ளையோட பாலிசியில உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. கார்ல உட்கார்ந்து வர்றவங்களுக்குன்னு ஒரு சின்ன கவர், அதாவது தனிப் பாதுகாப்பு, எடுத்திருக்காரு. தப்பு யாருதா இருந்தாலும் அது கிடைக்கும். ஆஸ்பத்திரி பில்லுக்கு ஓரளவு சரியா போகும்."

"போதுமே தம்பி!"

"இருங்கம்மா, இன்னொண்ணுதான் பெருசு. ஓட்டினவரோட தப்பால உங்களுக்கு அடிபட்டிருந்தா, இனிமே ஆகப்போற வைத்தியம், கடை பூட்டிக் கிடந்ததால போன வருமானம், கை பழையபடி வரலன்னா அந்தக் குறை, எல்லாத்துக்கும் கேட்கலாம். ஆனா தப்பு ஓட்டினவர் மேல இருக்கணும். நாய் வந்துதுன்னு நீங்க சொல்றீங்க. அப்ப யார் மேல தப்புன்னு நான் எழுதறது?"

அக்கா காதில் விழுந்தது ஒன்றுதான்: மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் காசு. முகம் சிவந்துவிட்டது.

"என் மாப்பிள்ளை மேல நான் கேஸ் கொடுக்கணுமா? பொண்ணைக் கொடுத்த இடம் தம்பி!"

"கொடுங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை, எழுந்து நின்று. "தப்பு என்னுதுதான்."

"பார்த்தீங்களா தம்பி, எவ்வளவு பெரிய மனசு! செய்யாத தப்பைத் தன் தலையில போட்டுக்கிறாரு."

"ஐயோ, நாயே வரலை அத்தை."

"வந்துச்சு மாப்பிள்ளை."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "என்ன நிறம்மா?"

"பழுப்பு," என்றார் அக்கா கம்பீரமாக.

"அம்மா, என்கிட்ட கறுப்புன்னு சொன்னியே," என்றாள் மகள்.

"ரெண்டு நாய்டி!"

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "இத்தனை வருஷ வேலையில, ஓட்டினவங்க நாய் மேல பழி போட்டுப் பார்த்திருக்கேன். அடிபட்டவங்க போட்டு இப்பத்தாம்மா பார்க்கறேன். நல்லா யோசிங்க. இல்லாததைச் சொல்லி அது தெரிய வந்தா, அந்தச் சின்னக் கவருக்கும் சிக்கல்தான். நான் இன்னொரு தடவை வரேன்."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மகள் அம்மாவைத் துணிச் சுருள்களுக்கு நடுவில் மடக்கிவிட்டாள்.

"அது அவர் பாக்கெட்லேருந்து போகாதும்மா! கம்பெனி கொடுக்கறது. அதுக்குத்தானே வருஷா வருஷம் பணம் கட்டறாரு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாதா?"

"அடுத்த வருஷம் கட்டும்போது கிடைக்கிற தள்ளுபடி கொஞ்சம் போகும். அவ்வளவுதான்."

"பார்த்தியா, தள்ளுபடி போகுதுல்ல?"

"உன் கை போகுதும்மா!"

மகள் போன பிறகு அக்கா, கடையின் சொந்த ஜன்னலுக்கென்று தைத்து வைத்திருந்த சின்னத் திரை ஒன்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். கால் ஏறியது, கை ஏறவில்லை. இடது கையால் கோத்துப் பார்த்தார். மடிப்பெல்லாம் மூட்டையில் திணித்த துணி மாதிரி தொங்கியது. கழற்றவும் முடியாமல், இறங்கவும் மனமில்லாமல், ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாவிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, மேலயே குடித்தனமா?" என்று கேட்டிருக்கிறார். "காத்து நல்லா வருதுப்பா," என்று சொன்னாராம்.

எனக்குக் கண் கலங்கிய இடம் இதுதான். அக்கா என்னமோ இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் மாப்பிள்ளை வந்து "அத்தை, தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டதுமே, தொண்டை வரை வந்தது வயிற்றுக்குள் திரும்பிப் போய்விடும்.

அதிகாரி சொன்னபடியே வந்தார். இந்த முறை கேள்வியே கேட்கவில்லை. "யார் எங்க உட்கார்ந்திருந்தீங்க, எப்படி அடிபட்டுதுன்னு நாற்காலி போட்டு நடந்தபடியே காட்டுங்க," என்றார்.

கடைக்குள் கார் தயாரானது. தைக்கும்போது உட்காரும் உருளை நாற்காலி மாப்பிள்ளைக்கு. பின்னால் முக்காலியில் அக்கா. பொத்தான் டப்பாவின் மூடிதான் ஸ்டியரிங்.

"கம்பம்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"நான் நிக்கறேன்," என்று அதிகாரி பைலைப் புரட்டியபடி எதிரே போய் நின்றார்.

"நான் வேணா நாயா நிக்கட்டுமா?" என்றாள் மகள். "ஒண்ணா ரெண்டாம்மா?"

மாப்பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. டப்பா மூடியைப் பிடித்து, காலால் தரையை உந்தி, உண்மையாகவே ஓட்ட ஆரம்பித்தார். நாற்காலி உருண்டது. இடுப்போடு திரும்பினார், சிரித்தார்.

"அத்தை, ஏசி போதுமா? கூட்டட்டுமா?"

நாற்காலி கம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கம்பம் பைல் படித்துக்கொண்டிருந்தது.

"முன்னாடி பாருங்க மாப்பிள்ளை!"

அக்கா போட்ட சத்தத்தில் சாவிக்காரர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். மாப்பிள்ளை என்ன செய்தார்? மாமியார் கூப்பிட்டுவிட்டாரே என்று இன்னும் நன்றாகத் திரும்பி, "என்ன அத்தை?" என்றார். நாற்காலி நேரே போய் அதிகாரியின் முழங்காலில் மோதியது.

அவ்வளவுதான், அக்காவுக்கு மடை உடைந்துவிட்டது.

"இதைத்தான் மாப்பிள்ளை சொல்றேன்! பாலத்து மேல திரும்பறீங்க, லாரிக்கு எதிர திரும்பறீங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்க அப்படித் திரும்பணுமா? நான் சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துடும் போல இருக்கும்! தூங்கறேன்னா நினைச்சீங்க? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்! இண்டிகேட்டர் போடறேன்னு வைப்பர் போடறீங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பின்னாடி பார்க்க மாட்டீங்க!"

"அம்மா," என்றார் அதிகாரி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "அன்னைக்கு நடந்தது மட்டும் போதும்."

"இருங்க தம்பி, இன்னும் முடியல. ஹாரன் விஷயத்துக்கே வரல!"

ஹாரன் விஷயத்தையும் முடித்த பிறகுதான் தன் குரல் அக்காவுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை டப்பா மூடியை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

"முகம் பார்க்காம பேசினா நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னுதான் அத்தை திரும்புவேன்," என்றார் மெல்ல. "ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்களைப் போய் எப்படி மாப்பிள்ளை சொல்றது?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் மரியாதையாலயே சாகப் பார்த்தீங்க!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அதிகாரி மட்டும் கடமை தவறாமல் கேட்டார்.

"அப்ப அந்த நாய்ங்க?"

"எதுவும் வரல தம்பி," என்றார் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "நான்தான் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"நீங்களாவே திருத்திச் சொல்லிட்டீங்க, அதையும் அப்படியே எழுதிக்கிறேன்." அவர் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னும் சில விஷயங்கள் சொன்னார். பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி வையுங்கள். கை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கைவிட்டுப் போன வேலைக்கும் அத்தாட்சி கேளுங்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கை முழுசா எவ்வளவு வரும்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி, எல்லாம் முடிஞ்சுதுன்னு கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்கம்மா. போட்டுட்டா திரும்ப வந்து கேட்கறது கஷ்டம்."

பணம் உடனே வந்துவிடவில்லை. கம்பெனியிலிருந்து இதைக் கொண்டா, அதைக் கொண்டா என்று இழுத்தடித்தார்கள். மாப்பிள்ளைதான் நடையாய் நடந்தார். தன் தப்பை எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்ட மனிதரை அந்த ஆபீஸ் பார்த்திருக்காது! நடுவில் கொஞ்சம் வந்தது, பயிற்சி நிற்காமல் நடந்தது. பிசியோதெரபிப் பெண் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்கா போடும் கூச்சலில் வெளியே காத்திருந்தவர்கள் இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

கை இப்போது காதைத் தாண்டி மேலே போகிறது. கடைசிக் கொஞ்சம் மட்டும் இன்னும் பாக்கி. அது வராமலே போகலாம் என்கிறார் டாக்டர். அதையும் சேர்த்துத்தான் கம்பெனியிடம் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு நூலகத்தில் திரை முழுவதையும் தானே மாட்டியிருக்கிறார் அக்கா. நடுவில் இறங்கி இறங்கிக் கையை ஆற்றிக்கொண்டாராம். மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அப்படி ஒரு அழகு!

நான் கடையை விட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளை காரோடு வந்தார். அக்கா முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டார். "அத்தை, போகலாமா?" என்று கத்திக் கேட்டார் மாப்பிள்ளை, கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல்.

"சைக்கிள் ஒண்ணு வருது, விடுங்க. ம், இப்ப எடுங்க. ஹாரன் வேண்டாம். அட, வைப்பரை நிறுத்துங்க மாப்பிள்ளை!"

தெருமுனை திரும்பும் வரை அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணனோ மச்சானோ சித்தப்பாவோ ஓட்டிய வண்டியில் அடிபட்டுவிட்டு, அவர் மனசு நோகுமே என்று "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர் உங்கள் வீட்டில் கட்டாயம் ஒருவர் இருப்பார். அவருக்கு இதை அனுப்புங்கள். வண்டியின் பாலிசியில் தனக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். வீட்டுக்குத் திரை வேண்டுமென்றால் அக்கா கடைக்கே போங்கள். ஜன்னல் அளவை மட்டும், கதை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.