பன்னிரண்டாவது துணி

அடுப்பைப் பற்றவைக்கும் முன் சகாயமேரி பிடிதுணிகளை எண்ணுவாள். மூன்றும் கண்ணில் பட்டால்தான் தீக்குச்சியை உரசுவாள். எத்தனையோ வருடமாக அப்படித்தான். மருமகள் சிரித்தாலும் விடமாட்டாள்.

ஆவடிப் பக்கம், பழுது பார்த்த விமான எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் ஷெட் ஒன்றில் அவளுக்கு முன்பு வேலை. எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கவேண்டும். வாயே திறக்கமாட்டாள். "இன்னாக்கா, நாக்கை ஊட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று ஃபிட்டர் பால்ராஜ் தினமும் சீண்டுவான்.

1991-இல் ஒருநாள் பெரிய அதிகாரி சோதனைக்கு வந்தார். எஞ்சின் ஓடியது. எஞ்சின் முனையில் சுழன்ற விசிறியின் காற்றில் ஷெட்டே அதிர்ந்தது. ஓரமாக நின்று சகாயமேரி துணியை எண்ணினாள். பால்ராஜிடம் கொடுத்தது பன்னிரண்டு, வந்தது பதினொன்று!

அவள் கண் எஞ்சினைத் துழாவியது. அதோ! எண்ணெய்க் குழாயின் மூட்டில் அந்தத் துணி சுற்றியிருந்தது. எண்ணெய் கசிவது அதிகாரியின் கண்ணில் படக்கூடாதென்று பால்ராஜ் கட்டியது. எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. நேர் கீழே கொதிக்கும் புகைக்குழாய்.

விசிறி சுழலும்வரை சொட்டும் எண்ணெயைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நிறுத்தினால் காற்று நிற்கும், புகைக்குழாயின் சூடு தணியாது; எண்ணெய் நேரே அதன்மேல் விழும். முன்பு ஒருமுறை அப்படிப் புகைந்ததைப் பார்த்திருக்கிறாள்.

ஃபோர்மேன் மணவாளன் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். விசிறி தளர்ந்து நின்றது. அதிகாரி எஞ்சினை நோக்கி நடந்தார். சொன்னால் பால்ராஜ் மாட்டிக்கொள்வான். சொல்லாவிட்டால்? சகாயமேரி குரலெடுத்துக் கத்தினாள்.

"சார், கிட்ட போவாதீங்க! துணி கீது, எண்ணெய் சொட்டுது!"

அதிகாரி திடுக்கிட்டு நின்றார். அந்த நொடியே வெள்ளைப் புகை சுருண்டது, குபீரென்று தீ எழுந்தது. பால்ராஜ்தான் பாய்ந்து தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கினான். தீ அடங்கியது.

"இம்மாம் பெரிய குரலை எங்கம்மா ஒளிச்சி வச்சிருந்தே?" என்றார் மணவாளன்.

பால்ராஜுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். திரும்பி வந்த அன்று நேராக அவளிடம்தான் வந்தான். "அக்கா, அன்னிக்கு நீ வாயைத் தொறக்கலைன்னா, நான் கொலகாரன் ஆயிருப்பேன்."

சகாயமேரி இப்போது பருத்திப்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். அந்த ஷெட்டில் இன்றும் துணிக்கணக்கு சரியாக இருந்தால்தான் எஞ்சினை ஓட்டுகிறார்கள்.