என் பதில் முதல் வரியில்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அரை மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்காகத் தொண்ணூறுகளின் கடைசியில், சனி ஞாயிறுகளில் திருப்போரூரில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே தமிழ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களில் பாதிப் பேர் அணு ஆராய்ச்சி நிலையத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள்.

கட்டுரைக்கு ஆசிரியர் ஓர் அச்சு வைத்திருந்தார். யாராவது பெரிய மனிதர் சொன்னதில் தொடங்க வேண்டும். நன்மை மூன்று, தீமை இரண்டு. கடைசியில், அளவோடு இருந்தால் நல்லது. 'நான்' என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது.

ஒரு நாள், 'சுற்றுலாவால் ஊர் வளருமா?' என்று எழுதச் சொன்னார். என் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். மாமல்லபுரம் போகும் வழியில், எங்கள் ஊர்க் கடலோரத்தில் ஓர் ஓட்டல் வந்த பிறகு அங்கே படுக்கை விரிப்புகள் துவைத்தாள். அவளுக்கு வேலை கிடைத்ததை எழுதினேன். நாங்கள் கடலுக்கு நடந்த பாதையில் கேட் போட்டதையும், வேலை நேரம் தவிர அம்மாவே அதற்குள் போக முடியாததையும் எழுதினேன்.

அவர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "கட்டுரை எழுதுன்னா வூட்டுக் கதைய எழுதிக்கினு வந்துகீற. திருத்துறவன் உங்கம்மாவப் பத்திக் கேட்டானா?" சிலர் சிரித்தார்கள்.

"கேக்கல சார். ஆனா ஊரப் பத்திக் கேட்டீங்க. எங்கம்மாவும் ஊர்லதான் கீறாங்க" என்றேன். அவர் சொல்லும்வரை உட்காரவில்லை.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா கேட்டாள்: "நான் தோய்க்கிறது பொய்யா? கேட்டு போட்டது பொய்யா? அப்புறம் இன்னாமே பேஜாரு?"

பொய் இல்லை. ஆனால் தாளை மறுபடி படித்தபோது, எல்லாம் தாறுமாறாகக் கிடந்தது தெரிந்தது. என் பதிலே மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. எனக்கென்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதல் வரியில் பதில். அடுத்து காரணம், கண்ணால் பார்த்த ஒன்றோடு. பிறகு மறுப்பவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன். இரண்டு பக்கமும் தலையாட்டி முடிப்பதில்லை. பஸ்ஸில் நின்றபடியே தலைப்பு தலைப்பாக இப்படிக் குறிப்பெடுத்துப் பழகினேன்.

தேர்வில் வந்தது இது: 'வளர்ச்சிக்காகச் சிலர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.' சுற்றிலும் பேனாக்கள் ஓடத் தொடங்கிவிட்டன. நான் ஐந்து நிமிடம் குறிப்பு மட்டும் போட்டேன். பிறகு எழுதினேன்: 'நான் இதை ஏற்கவில்லை. அந்தச் சிலர் ஒவ்வொரு முறையும் நாங்களாகவே இருக்கிறோம்.'

இடம் கிடைத்தது. பயிற்சி வகுப்பு வாசலில் என் போட்டோவோடு பேனர் கட்டியிருந்தார்கள்.

"அத எடுத்துடுங்க சார்."

"பெருமையான விஷயம்மா. இன்னாத்துக்கு எடுக்கணும்?"

"நீங்க சொன்ன மாதிரி நான் எழுதல. அப்படி எழுதித்தான் பாஸாயிட்டேன்னு பசங்க நெனச்சிக்கும்."

அடுத்த வாரமும் பேனர் அங்கேயே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து ஏறினேன். கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.