எண்ணெய் பாட்டில் குறையவே இல்லை, கொலஸ்ட்ரால் மட்டும் ஏறியது!

போன ஞாயிறு காலை, பெரிய மார்க்கெட் கறிக்கடையில்...

வழக்கமாக எங்கள் வீட்டுக்காரர்தான் கறி வாங்கப் போவார். அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம். நான் போனேன்.

கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கக்கா! அண்ணன் வரலியா? அவருக்குன்னு எடுத்து வெச்ச கொழுப்ப உங்ககிட்டயே குடுத்துடவா?"

"எந்தக் கொழுப்பு பாய்?"

"அதான்க்கா, வாராவாரம் வாங்கிட்டுப் போவாரே. மூணு மாசமா வேற யாருக்கும் குடுக்காதன்னு சொல்லி வெச்சிருக்காரு!"

எனக்குக் கோபத்தில் காதில் புகை வந்தது. (பக்கத்துக் கோழிக்கடைக்காரர் சாட்சி!)

கொஞ்சம் பின்னாடி போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் இவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். கொலஸ்ட்ரால் அதிகம். என் மாமனார் நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். இவருக்கு இப்போது நாற்பத்திரண்டு. நான் பல நாள் சரியாகத் தூங்கவே இல்லை.

டாக்டர் சொன்னது ஒரே வரி: "எண்ணெயக் குறைங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். அப்பவும் இறங்கலன்னா காலத்துக்கும் மாத்திரைதான்."

வீட்டுக்கு வந்ததும் ரீஃபைண்ட் ஆயில் பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். வாரத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே ஒரு சொட்டு இறங்கக் கூடாது!

எங்கள் வீட்டில் மதியச் சமையல் அவருடையது. அவருக்கு ஃபேக்டரியில் செகண்ட் ஷிஃப்ட். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை. நம்ம ஊர்தான் மதியம் கடையை மூடிவிட்டுப் படுக்கிற ஊராச்சே! ஒரு மணிக்கு முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் திரும்பக் கடைக்குப் போவேன்.

அந்த மூன்று மாதமும் அவர் சமைத்த சமையல் இருக்கிறதே...

முட்டைக்கோஸ் பொரியலா அது? முருங்கைக்கீரையா அது? கத்திரிக்காய் வாயில் வைத்ததும் கரைந்தது! சட்டியில் ஒட்டியதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். (ஜாக்கெட் தையலை இரண்டு தடவை பிரித்துவிட்டேன். துணிதான் சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.)

பாட்டிலைப் பார்த்தால் எண்ணெய் ஒரு கோடுகூட இறங்கவில்லை!

தெரு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். "எங்க வீட்டுக்காரரு எண்ணெயே இல்லாம சமைக்கறாரு தெரியுமா?" எதிர்வீட்டு அக்கா அவரிடம் வந்து சமையல் குறிப்புக் கேட்டார். இவரும் கூசாமல், "எல்லாம் கை பக்குவந்தான்க்கா" என்றார்.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. ஏறியிருந்தது! வேறு யாருடைய ரத்தத்தோடோ மாற்றிவிட்டார்கள் என்று லேபில் போய்ச் சண்டை போட்டேன். (அந்த லேப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.)

அதற்கு அடுத்த ஞாயிறுதான் பாய் கடை.

கொழுப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து அவர் முன்னால் வைத்தேன். மனிதர் எழுந்து போய், பரணிலிருந்து பழைய சத்துமாவு டப்பாவை இறக்கினார். திறந்தால் ஆட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றி வைத்திருக்கிறார். வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது!

"டாக்டரு இன்னா சொன்னாரு? எண்ணெயத்தான கொறைக்கச் சொன்னாரு? நான் கொறைச்சனா இல்லியா? நீயே பாட்டிலப் பாரு!"

அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கடைசியில் அழுதுவிட்டேன். "உங்கப்பா மாதிரி நீயும் போயிட்டீன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றேன். (கோபம் வந்தால் 'ங்க' எல்லாம் பறந்துவிடும்.) அப்போதும் அவர், "ஒரு டப்பா கொழுப்புக்கு இவ்ளோ பேச்சா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் இழுத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டு டாக்டர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

"ஆட்டுக் கொழுப்பு ஒண்ணும் விஷம் இல்ல சார். எப்பவாச்சும் ஒரு நாள் குழம்புல ரெண்டு துண்டு கெடந்தா யாரு கேக்கப் போறா? முட்டைக்கோசுக்கும் கீரைக்கும் தெனம் தெனம் அதுலயே தாளிச்சா எப்படி?"

அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீங்களும் அதே சட்டிலதான சாப்ட்டீங்க? நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க."

இன்று காலை ரிப்போர்ட் வந்தது.

என்னுடையது அவருடையதைவிட அதிகம்!

கிண்டல் செய்யப் போகிறார் என்று பயந்துகொண்டே பேப்பரை நீட்டினேன். படித்தார். முகம் செத்துவிட்டது. நேராகப் போய், மறுபடி பரணில் ஏற்றி வைத்திருந்த டப்பாவை இறக்கி, கொழுப்பை வழித்துப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டார்.

"எனக்கு ஏறுனா ஏறிட்டுப் போவுது. உனக்கு நாந்தான ஆக்கிப் போட்டேன்?"

சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். நாளையிலிருந்து இரண்டு பேரும் காலையில் பீச்சில் நடக்கப் போகிறோம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் நண்பர்களே, ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது.

முதல் வாரமே எனக்கு அந்தக் கொழுப்பு வாசனை தெரிந்துவிட்டது. ஏதோ ஒரு துளி போடுகிறார் போல, கேட்டால் நிறுத்திவிடுவாரே என்று வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

இதை அவரிடம் சொல்லவா, வேண்டாமா? (சீக்கிரம் பதில் போடுங்கள். பிரவுசிங் சென்டரில் இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. வாசலில் எனக்காக அவர்தான் நிற்கிறார்!)