படத்தின் நடுவில் பெயரெழுதிய அம்மா

எங்கள் அம்மா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அம்மாவைச் சந்தேகத்துடன் பார்த்தவர்கள்தான். அதற்காக யாரும் வருந்த வேண்டாம். அம்மாவும் உங்களை அப்படித்தான் பார்த்தார்.

தான்சானியா நாட்டில், முவான்சா என்னும் ஏரிக்கரை ஊரில் பிறந்தவர் அம்மா. அவருடைய தந்தை கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். டப்பாவில் மிஞ்சும் எனாமல் பெயின்ட்டைக் கொண்டு தகரத்திலும் பலகையிலும் மீன்காரிகளை வரைந்து பழகினார் அம்மா. தந்தை சீக்கிரமே இறந்துவிட, பள்ளியை விட்டுவிட்டுத் தானே பலகை எழுதித் தங்கைகளைக் காப்பாற்றினார். அங்கிருந்த பஞ்சாலைக்கு ஃபிட்டர் வேலைக்குப் போனவர்தான் திருவேற்காட்டைச் சேர்ந்த எங்கள் அப்பா. ஆலை வாசலில் ஏணி மேல் நின்று எழுதிக்கொண்டிருந்தவரைக் கண்டு, பழகி, மணம் முடித்தார். ஆலை மூடியதும் ஊருக்கு அழைத்து வந்தார்.

அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை, வாசலிலேயே கேட்டாராம்: “இன்னாடா இது, சொல்லாம கொள்ளாம கட்டிக்கினு வந்துகீற? சோத்துல எத்தையாவது கலந்து குட்த்துட்டாளா?” அன்று முதல் அம்மா சமைத்ததை அத்தை தொடவில்லை. தனி அடுப்பு மூட்டினார். மாதக்கணக்கில் நடந்த இந்தப் போர், அம்மா வைத்த மீன் குழம்பை அத்தை யாருமில்லாத நேரத்தில் சட்டியோடு வழித்து, அம்மாவிடம் பிடிபட்ட அன்று முடிந்தது. அம்மா இன்னொரு கரண்டி சோறு போட்டார். அவருக்குத் தமிழ் கற்றுத் தந்ததும் அத்தைதான். அதனால்தான் அம்மாவுக்குக் கடைசிவரை “இருக்கிறது” வாயில் வரவில்லை, “கீது”தான் வந்தது.

நான் பிறந்த பிறகு கரையான்சாவடியில் வாடகை வீடு தேடினோம். காலி என்று போர்டு மாட்டியிருந்த வீடுகள் அம்மாவின் முகத்தைக் கண்டதும் நிறைந்துவிட்டன. கிடைத்த வீட்டிலும் நிம்மதி இல்லை. தெருவில் ஏதாவது காணாமல் போனால் எல்லோர் கண்ணும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வரும். அம்மாவும் சும்மா இருக்கமாட்டார். பால்காரர் ஊற்றிய பாலை முகர்ந்து பார்த்த பிறகே உள்ளே எடுத்துப்போவார். யாராவது படத்தைப் புகழ்ந்தால், அவர் போன பிறகு என்னிடம் கேட்பார்: “எதுக்கு இம்மாந்தூரம் புகழ்றான்? இன்னா வேணுமாம் அவனுக்கு?”

அப்பா அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்க் கொக்குகளையும் எருமைகளையும் பார்த்துவிட்டு வந்து பிளைவுட் பலகையில் வரைவார். பட்டணத்தில் அலங்காரப் பொருள் விற்கும் ஒரு கடைக்காரர் அவற்றைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டார். படங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது அப்பா. அம்மா கடையை நேரில் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் பூந்தமல்லியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். எல்லோரும் பந்திக்கு விரைந்தபோது, அம்மா மண்டபச் சுவர் ஓரம் அசையாமல் நின்றுவிட்டார். அவருடைய கொக்குப் படம் பெரிய சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. கொக்குகளுக்குக் கால் இல்லை. கால்களுக்கு நடுவே, தண்ணீரில் அம்மா எழுதியிருந்த பெயரும் இல்லை. பலகையின் அடிப்பகுதியை அறுத்துவிட்டு, மேல் மூலையில் முன்பின் தெரியாத ஓர் ஆணின் பெயரை எழுதியிருந்தார்கள்.

“கொக்குக்குக் கால் எங்க?” என்றார் அம்மா. சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். கடைக்காரர் பதறவே இல்லை. “உங்க வீட்டுக்காரரைக் கேட்டுத்தாம்மா செஞ்சேன். வெளிநாட்டுப் பேரு இருந்தா மண்டபத்துக்காரங்க யோசிக்கிறாங்கன்னு சொன்னேன். சரின்னுட்டாரு.”

வேலை முடிந்து வந்த அப்பாவிடம் அம்மா இதைச் சொன்னார். “நான் சொல்லலம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது” என்றார் அப்பா. அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தக் கடையோடு உறவு அறுந்தது. அதன்பின் ஒரு படத்தைக்கூட அப்பா வெளியே தூக்கிப்போக அம்மா விடவில்லை. பேருந்தில் இடிபட்டுத் தானே சுமந்தார். பெயரையும் ஓரத்தில் எழுதுவதை நிறுத்தினார். எருமையின் விலா மீது, மீன்காரியின் முந்தானையில், படகின் வயிற்றில் என்று படத்தின் நடுவிலேயே தமிழில் பெரிதாக எழுதினார். “இப்ப அறுக்கட்டும் பாக்கலாம்” என்பார். அந்தப் பெயர்தான் அவரை ஊருக்குக் காட்டியது. விடுதிகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் தேடி வந்தார்கள். நகரில் கண்காட்சி நடந்தபோது அழைப்பிதழில் “ஆப்பிரிக்க ஓவியர்” என்று அச்சிட்டுவிட்டார்கள். “அது ஒரு ஊரா? முவான்சான்னு போடச் சொல்லு. இல்லாங்காட்டி கரையான்சாவடின்னு போடச் சொல்லு” என்று சண்டை பிடித்து மாற்ற வைத்தார்.

அத்தனை ஆண்டுகளும் அப்பா விடுமுறை நாட்களில் முற்றத்தில் உட்கார்ந்து பலகைகளுக்கு உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தார். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் அது எங்கள் வீட்டில்தான் இருந்தது.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்தபோது, அம்மா ஒரு நாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீ சொல்லலய்யா. எனக்குத் தெரியும்.”

அப்பா தலையாட்டினார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “நெஜமாதான் சொல்றாளா? இல்ல, நான் மனசு நொந்துகினு கீறேன்னு சொல்றாளா?”

அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கி வந்தேன். அம்மா எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த வாரமே அம்மா கண்மூடினார்.

அடக்கத்தன்று அந்தக் கடைக்காரர் மாலையோடு வந்தார். முதுமை அவரைக் கூனாக்கியிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் அவரை மறித்து, அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, அன்று சொன்னது உண்மையா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “இவருக்கு ஒண்ணும் தெரியாது. புருஷன் பேரச் சொன்னா அந்தம்மா கேசு கீசுன்னு போகமாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அப்பா அடிப்பார் என்று பயந்தேன். அவர் குரல்கூட உயரவில்லை. “அவ உசுரோட இருக்கச்சொல்லவே சொல்லியிருக்கணும்யா. எனக்குத்தான் இது முன்னாடியே தெரியுமே.”

அம்மா படுக்கையில் இருந்தபோது முறை வைத்துக் காவலிருந்த தெருக்காரர்களுக்கும், சலிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முவான்சாவிலிருந்து வந்து நின்ற சித்திகளுக்கும், இந்த வயதிலும் இன்றைய மீன் குழம்பைத் தானே வைப்பேன் என்று அடம்பிடித்த அத்தைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த மலரில் ஒரு பிரதியை அந்தக் கடைக்காரருக்கும் எடுத்து வைத்திருக்கிறோம். நன்றி சொல்வதற்காக அல்ல. தபாலில் போட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவார் என்பது அப்பாவின் சந்தேகம். அதனால் தானே எடுத்துப்போய், அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கப் போகிறாராம்.

— மகள்