சாமிக்கும் எனக்கும் பாதிப் பாதி

யுத்த காலத்தில் எல்லாவற்றுக்கும் பஞ்சம் வந்தது என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அப்படியொன்றும் வந்துவிடவில்லை. அரிசி இல்லை என்று டவுனில் அழுதார்கள். எங்களுக்கு அரிசிச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் ராகிக் களி. அதனால் அரிசிப் பஞ்சம் வந்த சேதியே எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சர்க்கரை இல்லை என்றார்கள். எங்களுக்கு எப்போது இருந்தது? சீமெண்ணெய் நின்றதும் ஆமணக்கு எண்ணெயில் விளக்கு எரித்தோம். தீப்பெட்டி நின்றதும் வறட்டித் தணலைச் சாம்பலில் புதைத்து வைத்துக்கொண்டோம். சோப்பும் நின்றுவிட்டதாம். நாங்கள் உவர்மண் போட்டுத் துணி வெளுத்தவர்கள். எங்களிடம் நின்றுபோவதற்கு என்ன இருக்கிறது?

துணி ஒன்றுதான் வீட்டில் விளையாத சாமான். என்னிடம் இரண்டு சேலை. ஒன்று ஒட்டுப் போட்டது. இன்னொன்று அந்த ஒட்டுக்கே ஒட்டுப் போட்டது. அந்த வருஷம் ஆவணியில் கம்பைநல்லூரில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். பிறந்த வீட்டுக்கு ஒட்டுச் சேலையில் போய் நிற்பதைவிடப் போகாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். என் திமிர் அப்படி. இன்றைக்கும் அதில் ஒன்றும் குறையவில்லை.

கடத்தூர் சந்தைக்குத் தர்மபுரியிலிருந்து ஒரு துணிக்கார பாய் வருவார். "காசு கொண்டு வராதம்மா, அத வச்சு நான் எதை வாங்கறது? நாலு கோழி கொண்டா. சிவப்புச் சேலை ஒண்ணு எடுத்து வைக்கிறேன்," என்றார். என்னிடம் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. அடுத்த சந்தைக்கு நாலைப் பிடித்துக்கொண்டு போவதாக இருந்தேன். அதற்குள் மாசியில் சர்க்கார் ஆபீசர் ஒருவர் வந்துவிட்டார்.

வந்தவர் சாவடி முன்னால் ஊரைக் கூட்டிப் பேசினார். வீட்டுக்கு வீடு தோட்டம் போட வேண்டுமாம், கோழி வளர்க்க வேண்டுமாம், எதற்கெடுத்தாலும் சர்க்காரை எதிர்பார்க்கக் கூடாதாம். சர்க்காரை நாங்கள் எப்போது எதிர்பார்த்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கோழிக் காலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோழி வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததில் அவருக்குப் பசி எடுத்துவிட்டது போலிருக்கிறது. கூட்டம் முடிந்த கையோடு தலையாரி கோணிப்பையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"ஆபீசருக்கும் கூட வந்தவங்களுக்கும் நாலு கோழி வேணுமாம்மா."

"வளக்கறது நாங்க, திங்கறது அவருங்களா?"

"நான் சொன்னத செய்யறவன். எங்கிட்ட வழக்காடி என்ன ஆவப்போவுது?" என்று பையை விரித்தார்.

கோழிக்குக் காசு கொடுக்கிற வழக்கமெல்லாம் அவர்களிடம் கிடையாது. என் சேலை பைக்குள் போகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தொடாதீங்கண்ணா. எல்லாம் முனியப்பனுக்கு நேந்து விட்டது."

நீட்டின கை அப்படியே நின்றது. முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கோழியை வளர்த்தவர்களே விற்கக் கூடாது, தின்னக் கூடாது. அடுத்தவன் தொட்டால் அவன் குடும்பத்தையே கேட்டுவிடும் அந்தச் சாமி.

"ஏழுமா?"

"ஏழும்."

"முனியப்பனுக்குச் சேவல்தான் அறுப்பாங்க. பொட்டக்கோழி எப்பருந்து?"

"யுத்த காலமுங்களே. சேவலுக்குப் பஞ்சம். சாமியும் கெடச்சத வாங்கிக்கும்."

தலையாரி என்னையும் கோழிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், மாமியார் கையில் மஞ்சள் தடவின நூல்.

"நான் அந்த ஆளுக்காவச் சொன்னதுங்க அத்தெ."

"அவன் மட்டுமா கேட்டான்? சாமியும்தான் கேட்டுச்சு. வாயில சொன்னது சொன்னதுதான்."

சாமிக்கு விட்டதற்கு அடையாளமாக ஏழு கோழிக்கும் காலில் நூல் கட்டிவிட்டார். என் சிவப்புச் சேலை ஏழு துண்டாக வாசலில் கிளறிக்கொண்டு திரிந்தது. இது நியாயமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் அவசரமாகக் கொல்லைக்காட்டுக்கு ஏர் ஓட்டப் போய்விட்டார்.

பத்து நாள் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் கோழியை வாரத்துக்கு விடுகிற வழக்கம் உண்டு. கோழி ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர். பொரிக்கிற குஞ்சில் பாதி உடையவருக்கு, பாதி வளர்த்தவருக்கு. மாமியாரே அப்படி எத்தனையோ வீட்டுக் கோழிகளை வளர்த்துப் பாதி வாங்கினவர். ராகி அரைத்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தெ, இந்தக் கோழியெல்லாம் யாருது?"

"சாமிது."

"தீனி போடறது?"

"நீதான்."

"அப்ப இது வாரக்கோழிதானுங்களே? குஞ்சுல பாதி எனக்குச் சேரணும்."

எந்திரக்கல் நின்றது. "வாரத்துக்கு விட்டேன்னு சாமி உங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"வேணாம்னும் சொல்லலீங்களே."

ஒரு படி ராகி அரைத்து முடித்து மாவை அள்ளினார். பிறகு, "சரி, பாதி. ஆனா நல்லது சாமிக்கு," என்றார். சாமியே நேரில் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுலபமாகப் படிந்திருக்கும்.

இரண்டு பெட்டையை அடை வைத்தேன். பதினாறு குஞ்சு பொரிந்தன. எட்டுக்கு நூல், எட்டு எனக்கு. பழஞ்சட்டியில் சாணியும் வைக்கோலும் நனைத்துப் போட்டுக் கொல்லையில் கவிழ்த்து வைப்பேன். விடிந்து எடுத்தால் சட்டி நிறையக் கரையான் இருக்கும். அதைத் தட்டிப் போட்டுத்தான் வளர்த்தேன். சாமி குஞ்சும் அதையேதான் தின்றது. விரதம் ஒன்றும் இருக்கவில்லை.

சித்திரையில் பருந்து இரண்டைத் தூக்கியது. இரண்டும் என் பங்கு என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். "சாமி குஞ்சப் பருந்து தொடுமா?" கழிச்சலில் ஒன்று செத்தது. அதுவும் என்னுடையதுதான். ஒரு நாள் நூல் கட்டின குஞ்சையே கீரி கவ்விக்கொண்டு போனது. என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குச் சாயந்திரம் என் குஞ்சு ஒன்றின் காலில் புது நூல் இருந்தது. ஆடி கடைசியில் சாமிக்கு எட்டு குறையவில்லை. எனக்குச் சரியாக நாலு. அதில் ஒன்று நொண்டி.

விடிந்தால் சந்தை. நாலையும் மூங்கில் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஆபீசர் திரும்பவும் வந்தார். அவர் சொன்னபடி நாங்கள் வளர்த்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டுமல்லவா? தலையாரியும் கோணிப்பையும் வந்தார்கள். இந்தத் தடவை அவர் வாசலில் நின்றவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பஞ்சாரத்துக்குள்ள இருக்கறதுக்கு நூல் இருக்குதாம்மா?"

இருக்கிறது என்றால் மாமியார் நூலோடு வந்துவிடுவார். இல்லை என்றால் பைக்குள் போய்விடும். உள்ளேயிருந்து மாமியார் வந்தார்.

"அது சாமிது இல்லப்பா."

அந்த நிமிஷம் அவரைப் பற்றி நான் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன். தலையாரி பஞ்சாரத்தைத் தூக்கக் குனிந்தார்.

"எடுத்துக்க, வேணாங்கல," என்றார் மாமியார். "அது எம் மருமவ சேலைக்கு வச்சிருக்கறது. தங்கச்சி கல்யாணத்துக்கு அவளுக்கு உடுத்தத் துணியில்ல. நீ கோழிய எடுத்துக்கிட்டு, உன் வூட்டுக்குப் போயி உம் பொண்டாட்டி கட்டியிருக்கற சேலைய அவுத்து வாங்கிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போ. ஆபீசர் கேட்டாருன்னு சொல்லு, குடுப்பா."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். தலையாரி நிமிர்ந்தார். "ஆத்தா, அந்த வாய்க்கு ஒரு பூட்டப் போடுங்க."

"பூட்டுக்கும் பஞ்சம்பா."

கோணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ஆபீசர் கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டதாகக் கேள்வி. தோட்டம் போடச் சொன்னதும் அவர்தானே.

மறுநாள் பாய் நொண்டிக் கோழியை நடக்கவிட்டுப் பார்த்து, "இது முக்கால் கோழிம்மா," என்று முனகிக்கொண்டே சேலையை எடுத்துக் கொடுத்தார். கம்பைநல்லூரில் என் சின்னம்மாளும் அத்தைமாரும் முந்தானையை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒட்டுச் சேலை.

"இந்தக் காலத்துல இது எங்க கெடச்சுது?"

"தர்மபுரி," என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். வேர்வையில் சாயம் இறங்கி இடுப்பெல்லாம் சிவப்பாகிவிட்டது. தேய்த்துக் குளித்தும் நாலு நாள் போகவில்லை. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. தாலி கட்டி, பந்தி முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை வண்டி ஏறுகிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை.