லென்ஸுக்குள் நகராத ரயில்

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழிக் காலை அது. அப்போது சிதம்பரத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். மலாயாவில் கடை நடத்திய என் மனைவியின் தம்பி, பரங்கிப்பேட்டைக்கு வந்தபோது தூரத்தைக் கிட்டே காட்டும் பெரிய டெலி லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். சொம்பு போல அகலமான வாய், கைக்குழந்தையின் கனம். ஸ்டாண்டு இல்லாவிட்டால் படம் ஆடிவிடும். ஆனால் பனி மூடிய மங்கல் வெளிச்சத்திலும் எடுக்கலாம் என்றான். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

பனிக்குள்ளிருந்து வரும் ரயிலை நேருக்கு நேர் எடுக்க ஆசை. ஆசை யாரை விட்டது? ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே பாதை நேராக ஓடும் இடத்தில், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவிலேயே ஸ்டாண்டை ஊன்றினேன். இரவல் பொருள் விழுந்துவிடக் கூடாதே என்று கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மச்சினன் காற்றுக்கு மறைவாக சிகரெட் பற்றவைக்க ரயில் பாதை மேட்டிலிருந்து கீழே இறங்கினான்.

ரயில் தெரிந்தது. லென்ஸுக்குள் அது அழகாக, அசையாமல் நின்றது. அந்த மாதிரி லென்ஸில் தூரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும், எதிரே வருவது வருவதாகவே தெரியாது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எஞ்சின் முகத்தைத் தெளிவாக்கினேன். உடனே மங்கியது. வளையத்தைத் திருப்பினேன். மறுபடி மங்கியது. சனியன் பிடித்த லென்ஸ் என்று திட்டிக்கொண்டே திருப்பினேன். ரயில் என்னை நோக்கி ஓடி வருவதால்தான் மங்குகிறது என்று புத்திக்கு உறைக்கவே இல்லை. ஊதல் விடாமல் கேட்டது. கண்ணோ, இன்னும் தூரம்தான் என்றது.

"மச்சான், கண்ண எடுங்க" என்று கீழேயிருந்து ஓர் அலறல்.

எடுத்தேன். அல்லாவே, பார்வை முழுக்க எஞ்சின்தான். காலடியில் ஜல்லி அதிர்ந்தது. ஓட வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. வாரைக் கழற்றக் கை போகவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். அதற்குள் மேட்டில் ஏறி வந்தவன் என் இடுப்பைக் கட்டி இழுத்தான். வார் கழுத்தை இறுக்க, ஸ்டாண்டும் கேமராவும் எங்கள் மேல் சாய, எல்லாமாகச் சேற்றில் உருண்டோம். தலைக்கு மேலே பெட்டிகள் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தன.

லென்ஸ் கண்ணாடி விரிசல் விட்டுக் கிடந்தது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் தலையையும் கை கால்களையும் தடவித் தடவிப் பார்த்தான்.

"ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா லாத்தா மூஞ்சில நா எப்புடி முழிப்பேன்?" என்று அழுதேவிட்டான். அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

 

அதன் பிறகு எத்தனையோ நல்ல லென்ஸ்கள் என் கைக்கு வந்துவிட்டன. ஆனால் வெளியிடங்களில், பக்கத்தில் ஒருவர் நின்று சுற்றிலும் பார்த்துக்கொள்ளாமல் எதிலும் கண்ணை வைக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.