கருட சேவைக்குக் காத்திருந்த வாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் ஓயாத ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஆவணி மாதத்தில் எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒரு பையன், ஒரு பெண்.

பேரன் பிறந்தால் அவன் வாயில் விழும் முதல் சோறு வைகாசி கருட சேவையன்று பெருமாள் பிரசாதமாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். பெண்ணுக்காக யாரும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. அவள் தவழ்ந்து வந்து என் தட்டில் கை வைத்தால், "பொட்டப் புள்ளதானே, துன்னட்டும் வுடும்மா" என்பார். பையன் கை நீட்டினால் அந்தக் கையைப் பிடித்துத் துடைத்துவிடுவோம். அவனுக்குத்தான் முதலில் தாய்ப்பால், மிஞ்சியதுதான் அவளுக்கு.

வைகாசியில் கோயில் கொடியேறும் முன்பே மாமனார் இறந்துபோனார். ஒரு வருடம் கோயில் பக்கமே போகக் கூடாது என்றாகிவிட்டது. வேண்டுதல் அடுத்த வைகாசிக்குத் தள்ளிப்போக, பையனுக்குப் பால் மட்டும்தான் என்பதும் அப்படியே நீண்டது.

பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவனோ தலையணைச் சாய்மானம் இல்லாமல் உட்காரமாட்டான். கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டதும், மாமியாரும் நானும் ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்சம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க. இது மட்டும் எப்டிமா நல்லா இருக்குது? இதுக்கு இன்னா குடுக்கற?"

"சோறுங்க."

"அவனுக்கு?"

மாமியார்தான் வேண்டுதலைச் சொன்னார்.

"ஆறேழு மாசத்துக்கு மேல பால் மட்டும் பத்தாதும்மா" என்றார் நர்சம்மா. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் குழைந்த சோற்றில் பருப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஊட்டினேன். மாமியார் தடுக்கவில்லை. அவன்தான் நாக்கால் வெளியே தள்ளினான். விழுங்கத் தெம்பில்லை. அந்த மழை விடுவதற்குள் போய்விட்டான்.

அடுத்த வைகாசியில் மாமியார் பிரசாதத்தை இலையில் பொத்தி எடுத்துவந்து, பெண்ணுக்கு ஊட்டினார். அவள் இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவர் அழுதார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது, பெருமாள் மீதல்ல, எங்கள் மீது.

நான் கிழவியாகிவிட்ட இப்போது, டாக்டர்கள் ஆறு மாதம் முடிந்ததும் சோறு ஊட்டச் சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். ஆதாரம் இரண்டு குழந்தைகளாக என் மடியில் கிடந்தது, எங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. இன்றைக்கும் ஏதாவது ஒரு குழந்தை தட்டை நோக்கிக் கை நீட்டினால், நாங்கள் துடைத்துவிட்ட அந்தச் சின்னக் கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.